காற்றில் இருந்து உரம் எடுத்த கார்ல் போஷ்

வயலில் போடப்படும் யூரியாவின் முக்கியச் சத்து நைட்ரஜன். அந்த நைட்ரஜன் எந்தச் சுரங்கத்தில் இருந்தும் வருவதில்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் இருந்தே அது எடுக்கப்படுகிறது. மணலியிலும், தூத்துக்குடியிலும், பம்பாய் டிராம்பேயிலும் எழுந்த உரத் தொழிற்சாலைகள் எல்லாம் இந்த முறையில் அமைந்தவையே.

பரிசோதனைச் சாலையில் ஒரு மேஜை மீது நடந்த இந்த வித்தையைப் பெரும் தொழிற்சாலைக்குக் கொண்டு வந்தவர், ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த கார்ல் போஷ். அவர் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி. அதே சமயம் சம்மட்டி பிடித்து, கடைசல் எந்திரத்தில் நின்று வேலை பழகிய தொழிலாளியும் ஆவார். உலகின் பசியைத் தீர்த்த அந்தக் கண்டுபிடிப்பே போருக்கும் துணை போனது. அதை அறிந்தே வாழ்ந்து, மனம் உடைந்து இறந்தார்.

குழாய்க் கடைக்காரர் மகன்

கார்ல் போஷ் 1874-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி கொலோன் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை எரிவாயுக் குழாய், தண்ணீர்க் குழாய் சாமான்கள் விற்கும் தொழில் நடத்தி வந்தார். தந்தையின் தம்பிதான் ராபர்ட் போஷ். மோட்டார் வண்டிகளுக்கு ஸ்பார்க் பிளக் செய்து உலகப் புகழ் பெற்ற அதே போஷ். பெங்களூரில் 1951-ம் ஆண்டு தொடங்கப்பட்டு, மைகோ என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட தொழிற்சாலை, அந்தச் சித்தப்பாவின் கம்பெனி வழியில் வந்தது.

சிறுவன் கார்லுக்கு எதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் இருந்த தந்தையின் பட்டறையே அவனுக்கு விளையாட்டு மைதானம். வண்டுகளையும், செடிகளையும், கற்களையும் சேகரிப்பது இன்னொரு பொழுதுபோக்கு. இந்தப் பழக்கம் கடைசி வரை அவரை விடவில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லூரிக்கு அனுப்பவில்லை. சைலீசியா பகுதியில் கோட்செனாவ் என்ற ஊரில் இருந்த இரும்பு ஆலைக்கு வேலை பழக அனுப்பினார்கள். அங்கே அவர் வார்ப்பட அச்சுக் கட்டினார். தச்சு வேலை செய்தார். கடைசல் பட்டறையிலும், பிட்டர் வேலையிலும் பழகினார். இரும்பு எந்தச் சூட்டில் இளகும், எப்போது முறியும் என்பதைக் கையால் தொட்டு அறிந்தார்.

பிறகு பெர்லினை அடுத்த சார்லட்டன்பர்க்கில் உலோகத் தொழிலும் எந்திரத் தொழிலும் படித்தார். 1896-ம் ஆண்டு லைப்சிக் பல்கலைக்கழகம் சென்று ரசாயனம் படித்து, 1898-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். இரும்பும் தெரியும், ரசாயனமும் தெரியும் என்ற இந்த இரட்டைப் படிப்பு அந்தக் காலத்தில் அபூர்வம்.

1899-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், ரைன் நதிக் கரையில் லுட்விக்ஸ்ஹாபன் நகரில் உள்ள பி.ஏ.எஸ்.எப். கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அது சாயம் தயாரிப்பதில் பெயர் பெற்ற கம்பெனி.

பேராசிரியரின் தவறு

அந்த நாளில் ஐரோப்பாவை ஒரு கவலை வாட்டியது. மக்கள் தொகை பெருகியது. நிலம் பெருகவில்லை. பயிருக்கு வேண்டிய நைட்ரஜன் உரத்துக்குத் தென் அமெரிக்காவில் சிலி நாட்டு வெடியுப்பையே பெரிதும் நம்ப வேண்டி இருந்தது. அதுவும் ஒரு நாள் தீர்ந்துவிடும். காற்றிலோ ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன் இருக்கிறது. ஆனால் காற்றில் உள்ள நைட்ரஜன் அணுக்கள் இரண்டு இரண்டாகக் கெட்டியாகப் பிணைந்து கிடக்கின்றன. அந்தப் பிணைப்பை உடைக்காமல் பயிருக்குப் பயன் இல்லை.

1900-ம் ஆண்டு வில்லெம் ஆஸ்ட்வால்டு என்ற புகழ் பெற்ற பேராசிரியர் பி.ஏ.எஸ்.எப். கம்பெனியை அணுகினார். சூடான இரும்பின் மீது நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் செலுத்தி அம்மோனியா தயாரித்துவிட்டதாக அறிவித்தார். அம்மோனியா கிடைத்தால் உரம் கிடைத்த மாதிரி. கம்பெனி அந்தச் சோதனையைச் செய்து பார்க்கும் பொறுப்பை, வேலைக்கு வந்து ஓராண்டே ஆன போஷிடம் ஒப்படைத்தது.

போஷ் சோதித்தார். சில சமயம் கொஞ்சம் அம்மோனியா வந்தது. சில சமயம் ஒன்றுமே வரவில்லை. ஏன் என்று தோண்டிப் பார்த்தார். உண்மை வெளிப்பட்டது. அந்த இரும்பு, முன்பே அம்மோனியா பட்டு, நைட்ரஜனைத் தன்னுள் வாங்கி வைத்திருந்தது. ஹைட்ரஜன் செலுத்தியபோது அந்தப் பழைய நைட்ரஜனே அம்மோனியாவாக வெளியே வந்தது. காற்றின் நைட்ரஜனில் ஒரு துளி கூட மாறவில்லை.

அனுபவம் இல்லாத பையன் தன் வேலையைக் குறை சொல்வதா என்று பேராசிரியருக்குக் கோபம் வந்தது. ஆனால் சோதனை போஷின் பக்கம் இருந்தது. ஆஸ்ட்வால்டு தமது காப்புரிமை மனுவைத் திரும்பப் பெற்றுக் கொண்டார்.

இந்தச் சம்பவம் போஷின் மனதில் ஒரு பாடத்தைப் பதித்தது. உலைக்குள் வைக்கும் உலோகம் சும்மா கிடப்பதில்லை. வாயுவை வாங்குகிறது, விடுகிறது, உருமாறுகிறது. உலையில் போடும்போது எப்படி இருந்தது என்பது போதாது. வேலை நடக்கும்போது அது என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

ஹேபரின் மேஜை உலை

எட்டு ஆண்டுகள் கழிந்தன. கார்ல்ஸ்ரூ நகரில் பேராசிரியராக இருந்த பிரிட்ஸ் ஹேபர், அதே காரியத்தை வேறு வழியில் சாதித்தார். வாயுக்களைக் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் கிட்டத்தட்ட 200 மடங்கு அழுத்தினார். ஆஸ்மியம் என்ற உலோகத்தைக் கிரியா ஊக்கியாக வைத்தார். அம்மோனியா வந்தது.

கிரியா ஊக்கி என்பது, ரசாயன மாற்றத்தைத் துரிதப்படுத்திவிட்டு, தான் செலவாகாமல் இருக்கும் பொருள். வாயுக்கள் அதன் மேற்பரப்பில் ஒட்டி, பிரிந்து, புதிதாகச் சேர்ந்து, விலகிப் போகின்றன. மேற்பரப்புதான் அங்கே வேலை நடக்கும் இடம். உலோகத்தின் உள்ளே புதைந்து கிடக்கும் அணுக்களுக்கு வேலை இல்லை.

கம்பெனி நிர்வாகிகள் கூடி ஆலோசித்தார்கள். அவ்வளவு அழுத்தம் என்றதும் பலர் அஞ்சினார்கள். அப்போது ஆலையில் இருந்த சாதாரணக் கலங்கள் சில மடங்கு அழுத்தத்துக்கே வெடித்தன. தலைவர் புரூங்க், போஷின் கருத்தைக் கேட்டார். இரும்புத் தொழிலால் என்ன முடியும் என்று தமக்குத் தெரியும், துணிந்து இறங்கலாம் என்று போஷ் சொன்னார். அந்தச் சொல்லை நம்பிக் கம்பெனி பணத்தைப் போட்டது.

1909-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி ஹேபரின் உலையைப் பார்க்கப் போஷும், அவருடைய உதவியாளர் ஆல்வின் மிட்டாஷும், ஒரு மெக்கானிக்கும் போனார்கள். நேரம் பார்த்து ஒரு போல்ட் முறிந்தது. பழுது பார்க்கப் பல மணி நேரம் ஆயிற்று. போஷ் புறப்பட்டுப் போய்விட்டார். காத்திருந்த மிட்டாஷ், அம்மோனியா சொட்டுச் சொட்டாக விழுவதைக் கண்ணால் கண்டார். கம்பெனி முழு மூச்சாக வேலையில் இறங்கியது.

ஆனால் ஆஸ்மியம் உலகத்தில் மிகவும் குறைவு. கம்பெனி உலகில் கிடைத்த ஆஸ்மியத்தில் பெரும் பகுதியை வாங்கிச் சேர்த்தது. அப்படியும் அதை நம்பி ஊர் ஊராக உர ஆலை கட்ட முடியாது. மலிவான கிரியா ஊக்கி வேண்டும்.

இரும்பும் அதன் துணையும்

இந்தப் பொறுப்பைப் போஷ், மிட்டாஷிடம் கொடுத்தார். மிட்டாஷ் கிராமத்துப் பள்ளி ஆசிரியரின் மகன். தாமும் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே பல்கலைக்கழகம் சென்று ரசாயனம் படித்து முன்னுக்கு வந்தவர். பொறுமைக்குப் பெயர் போனவர்.

அவர்கள் சின்னஞ்சிறு உலைகள் பலவற்றைச் செய்து வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கிராம் அளவு பொருளைப் போட்டு, அழுத்தமும் சூடும் கொடுத்துப் பார்ப்பார்கள். தேறாவிட்டால் எடுத்துவிட்டு அடுத்ததைப் போடுவார்கள். இரவும் பகலும் உலைகள் ஓடின.

சுத்தமான இரும்பு ஏமாற்றியது. முதலில் கொஞ்சம் வேலை செய்யும். பிறகு சோர்ந்துவிடும். 1909-ம் ஆண்டு நவம்பர் மாதம், பரிசோதனைச் சாலையில் கிடந்த ஒரு கல்லை எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். அது சுவீடன் நாட்டின் கெல்லிவாரே சுரங்கத்தில் கிடைத்த காந்த இரும்புக் கல். அதிசயமாக அம்மோனியா கொட்டியது. மற்ற இடங்களில் இருந்து வந்த இரும்புக் கற்களைப் போட்டார்கள். அவை அப்படி வேலை செய்யவில்லை.

அப்படியானால் அந்தக் கல்லில் இரும்போடு கலந்திருக்கும் ஏதோ ஓர் அசுத்தம்தான் இந்த வேலையைச் செய்கிறது என்று மிட்டாஷ் ஊகித்தார். சுத்தமான இரும்பில் ஒவ்வொரு பொருளாகக் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்துப் பார்த்தார்கள். கந்தகமும், பாஸ்பரசும், குளோரினும் விஷம் போல் கெடுத்தன. மாறாக, அலுமினிய ஆக்சைடு சேர்த்தபோது இரும்பு புத்துயிர் பெற்றது. கொஞ்சம் பொட்டாஷும் சேர்த்தால் இன்னும் நன்றாக வேலை செய்தது. 1912-ம் ஆண்டுத் தொடக்கத்துக்குள் 2,500 விதமான பொருள்களைக் கொண்டு 6,500 சோதனைகள் செய்து முடித்திருந்தார்கள்.

அலுமினிய ஆக்சைடு என்பது செம்மண்ணிலும் களிமண்ணிலும் உள்ள சாதாரணப் பொருள். அதற்குத் தனியாக அம்மோனியா தயாரிக்கும் சக்தி கிடையாது. பின் அது என்னதான் செய்கிறது?

இரும்பு ஆக்சைடையும் அலுமினிய ஆக்சைடையும் பொட்டாஷையும் சேர்த்து உருக்கி, ஆறவைத்து, உடைத்துத் துண்டுகளாக உலையில் போடுகிறார்கள். சூடான ஹைட்ரஜன் பட்டதும் இரும்பு ஆக்சைடில் உள்ள ஆக்சிஜன் தண்ணீர் ஆவியாகப் பிரிந்து போகிறது. மிஞ்சும் இரும்பு, கடற்பஞ்சு போல் துளைகள் நிறைந்து, கண்ணுக்குத் தெரியாத சிறு துகள்களாக ஆகிறது. இதனால் அதன் மேற்பரப்பு பல மடங்கு பெருகுகிறது. ஒரு கிராம் கிரியா ஊக்கியில் பத்துச் சதுர மீட்டருக்கு மேல் பரப்பு உண்டு. ஒரு கிராமுக்குள் ஓர் அறையின் தரை அளவு இடம்!

ஆனால் 400, 500 டிகிரிச் சூட்டில் இரும்புத் துகள்கள் சும்மா இருக்காது. ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அப்போது பரப்பு சுருங்கும். வேலை நின்றுவிடும். சுத்தமான இரும்பு சோர்ந்து போனதற்கு இதுவே காரணம். அலுமினிய ஆக்சைடு ஹைட்ரஜனுக்கு மசிவதில்லை. ஆக்சைடாகவே நிலைத்து நின்று, இரும்புத் துகள்களின் இடையில் புகுந்து அவை ஒட்டாமல் பார்த்துக் கொள்கிறது. அளவில் நூற்றுக்குச் சில பங்குதான். இருந்தும் அது இல்லாவிட்டால் இரும்பு நிலைக்காது.

பொட்டாஷ் செய்வது வேறு வேலை. அது இரும்பின் மேற்பரப்பில் படிந்து, இரும்பின் எலெக்ட்ரான்கள் நைட்ரஜனைப் பற்றி உடைக்க உதவுகிறது. உண்டான அம்மோனியா இடத்தை அடைத்துக் கொள்ளாமல் சீக்கிரம் விலகவும் வழி செய்கிறது.

போஷும் மிட்டாஷும் இவற்றை எல்லாம் அணு அளவில் கண்டவர்கள் அல்ல. சோதனை காட்டிய வழியில் போனார்கள். மேற்பரப்பை அளக்கும் முறை 1930-களில்தான் வந்தது. இரும்பின் மீது நைட்ரஜன் எப்படிப் பிளக்கிறது என்பதை ஜெர்மனி விஞ்ஞானி கெர்ஹார்டு எர்ட்டில் பின்னாளில் படிப்படியாக விளக்கி, மேற்பரப்பு ரசாயன ஆராய்ச்சிக்காக 2007-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

உலோகத்துக்கு ஆக்சைடு துணை நிற்கும் இந்தத் தத்துவம் இன்று பல இடங்களில் பயன்படுகிறது. கார்களின் புகைக் குழாயில் பொருத்தப்படும் கிரியா ஊக்கியில் அலுமினிய ஆக்சைடே மெத்தை போல் விரிந்திருக்கும். பிளாட்டினம் போன்ற விலை உயர்ந்த உலோகம் அதன் மீது சிறு துகள்களாகத் தூவப்பட்டிருக்கும்.

ஆனால் துணையே சில சமயம் தடையும் ஆகலாம். 1978-ம் ஆண்டு அமெரிக்காவில் எக்ஸான் கம்பெனி விஞ்ஞானிகள் இதைக் கண்டார்கள். டைட்டானியம் ஆக்சைடு மீது வைத்த உலோகத் துகள்களை ஹைட்ரஜனில் 500 டிகிரி வரை சூடாக்கினால், அவை வாயுவைப் பிடிக்கும் சக்தியை இழந்தன. அடியில் இருந்த ஆக்சைடு மெல்ல ஏறி உலோகத்தின் மீது போர்வை போல் மூடிக்கொள்வதே காரணம் என்று பிறகு தெரிந்தது. சுற்றி இருக்கும் வாயு மாறினால் அந்தப் போர்வையும் மாறுகிறது. வேலை நடக்கும்போது பார்க்க வேண்டும் என்று இளம் போஷ் கற்ற பாடத்தை, இன்று எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பு வைத்து விஞ்ஞானிகள் படித்து வருகிறார்கள்.

வெடித்த குழாய்கள்

கிரியா ஊக்கி கிடைத்தது. அடுத்த இடி விழுந்தது. பெரிய உலைகளின் எஃகுக் குழாய்கள் 80 மணி நேரம் ஓடியதும் வெடித்தன. கான்கிரீட் சுவருக்குப் பின்னால் உலைகளை வைத்திருந்ததால் ஆட்கள் தப்பினார்கள்.

வெடித்த குழாயைப் போஷ் அறுத்துப் பார்த்தார். உட்பக்கத்து எஃகு உடையும் தன்மை அடைந்திருந்தது. எஃகுக்கு வலிமை தருவது அதில் உள்ள கார்பன். அழுத்தத்தில் இருந்த சூடான ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அந்தக் கார்பனைத் தின்றுவிட்டது. எவ்வளவு கனமான குழாய் போட்டாலும் ஹைட்ரஜன் உள்ளே போகாமல் தடுக்க முடியாது.

போஷ் யோசித்தார். தடுக்க முடியாவிட்டால் வழி விட்டுவிடலாம் என்று முடிவு செய்தார். கார்பன் இல்லாத மெதுவான இரும்பால் உள்குழாய் ஒன்று செய்தார். கார்பன் இல்லாததால் அதைத் தின்ன ஹைட்ரஜனுக்கு ஒன்றும் இல்லை. அதை வெளியே எஃகுக் குழாய் இறுகத் தாங்கி நின்றது. உள்குழாயைக் கடந்து வரும் ஹைட்ரஜன் தங்கி நிற்காமல் வெளியேற, எஃகுக் குழாயில் சிறு துளைகள் போட்டார். 1911-ம் ஆண்டு இந்த ஏற்பாடு வெற்றி பெற்றது. பட்டறையில் கழித்த நாட்கள் பலன் தந்தன.

1913-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி, லுட்விக்ஸ்ஹாபனை அடுத்த ஓப்பாவ் கிராமத்தில் உலகின் முதல் அம்மோனியாத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. நாள் ஒன்றுக்குச் சுமார் 30 டன் அம்மோனியா தயாரிக்கும்படி அது அமைக்கப்பட்டது.

போர் வந்தது

உரம் ஓராண்டுதான் வந்தது. 1914-ம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. பிரிட்டிஷ் கடற்படை வழி மறித்ததால் சிலி வெடியுப்பு ஜெர்மனிக்கு வரவில்லை. வெடி மருந்துக்கும் நைட்ரஜன் வேண்டும். அம்மோனியாவை வெடியுப்பாக மாற்றித் தருவதாகப் போஷ் அரசாங்கத்துக்கு வாக்குக் கொடுத்தார். 1915-ம் ஆண்டு ஓப்பாவ் அதைச் செய்தது. 1917-ம் ஆண்டு லாய்னா என்ற இடத்தில் இன்னும் பெரிய தொழிற்சாலை எழுந்தது. இவை இல்லாவிட்டால் ஜெர்மனி அவ்வளவு நாள் போர் நடத்தி இருக்க முடியாது என்று சரித்திர ஆசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். வயலுக்கு என்று கண்ட வழி, பீரங்கிக்குப் போனது.

போர் முடிந்த 1919-ம் ஆண்டு போஷ் கம்பெனியின் தலைவர் ஆனார்.

ஓப்பாவ் கோர விபத்து

1921-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி காலை ஓப்பாவ் தொழிற்சாலையில் பயங்கர வெடிவிபத்து நடந்தது. அங்கே ஒரு கிடங்கில் சுமார் 4,500 டன் உரம் குவிந்து கிடந்தது. அம்மோனியம் சல்பேட்டும் அம்மோனியம் நைட்ரேட்டும் கலந்த உரம் அது. பாறை போல் இறுகிவிடும். அதைச் சிறு வெடி வைத்துத் தளர்த்தி அள்ளுவது வழக்கம். ஆயிரக்கணக்கான தடவை அப்படிச் செய்தும் ஒன்றும் நேரவில்லை. அன்று குவியலே வெடித்தது. கலவை ஒரே சீராக இல்லாமல், நைட்ரேட் மிகுந்த பகுதி இருந்திருக்க வேண்டும் என்று கருதப்பட்டது.

500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காயம் அடைந்தவர்கள் சுமார் இரண்டாயிரம் பேர். ஓப்பாவ் ஊரில் பெரும்பாலான வீடுகள் இடிந்தன. கிடங்கு இருந்த இடத்தில் 19 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது.

இறந்தவர்களுக்கு நடந்த இறுதிச் சடங்கில் போஷ் பேசினார். இத்தனை உயிர்களைக் காத்து வளர்க்கும் பொருளே இத்தனை உயிர்களைக் குடித்துவிட்டதே என்ற வேதனை அந்தப் பேச்சில் இருந்தது. அதன் பிறகு பல மாதங்கள் உடல் நலம் இன்றிப் படுத்துவிட்டார். தொழிற்சாலையை நாலு மாதத்தில் திரும்பக் கட்டி முடித்தார்கள்.

உச்சியும் வீழ்ச்சியும்

1925-ம் ஆண்டு ஜெர்மனியின் பெரிய ரசாயனக் கம்பெனிகள் ஒன்றாக இணைந்து ஐ.ஜி. பார்பன் என்ற ராட்சதக் கம்பெனி உருவானது. அதன் முதல் தலைவர் போஷ். நிலக்கரியில் இருந்து பெட்ரோல் எடுக்கும் திட்டத்தில் கம்பெனியின் பெரும் பணத்தைப் போட்டார்.

1931-ம் ஆண்டு அவருக்கும் பிரெடரிக் பெர்கியசுக்கும் ரசாயன நோபல் பரிசு கிடைத்தது. உயர் அழுத்தத் தொழில் முறையை வளர்த்ததற்காக அந்தப் பரிசு. ஹேபருக்கு முன்பே கிடைத்துவிட்டது. உலகத்துக்கு இரும்புக் கிரியா ஊக்கியைத் தந்த மிட்டாஷுக்கு நோபல் பரிசு கிடைக்கவே இல்லை.

1933-ம் ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஐ.ஜி. பார்பன் நாஜிக் கட்சியின் தேர்தல் நிதிக்கு 4 லட்சம் மார்க் கொடுத்தது. அந்த ஆண்டு முடிவில் லாய்னா பெட்ரோலுக்கு அரசாங்கம் விலை உத்தரவாதம் கொடுத்தது. போஷ் தலைமையில் நடந்த ஒப்பந்தம் அது. தமது பெட்ரோல் திட்டத்தைக் காப்பாற்றிக் கொள்ள அவர் கொடுத்த விலை பின்னால்தான் தெரிந்தது.

யூத விஞ்ஞானிகள் வேலையில் இருந்து விரட்டப்பட்டார்கள். யூதராகப் பிறந்த ஹேபரும் பதவியை விட்டு வெளியேறி, 1934-ம் ஆண்டு ஜனவரி மாதம் சுவிட்சர்லாந்தில் இறந்தார். யூதர்களை விரட்டினால் ஜெர்மனியின் விஞ்ஞானம் அழிந்துவிடும் என்று போஷ் ஹிட்லரிடமே நேரில் எடுத்துச் சொன்னதாகவும், ஹிட்லர் கோபம் கொண்டு, நூறு வருடம் விஞ்ஞானம் இல்லாமலே இருந்துவிட்டுப் போவோம் என்ற விதத்தில் பதில் அளித்ததாகவும் கூறப்படுகிறது.

1935-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஹேபருக்குப் பெர்லினில் நினைவுக் கூட்டம் நடந்தது. பல்கலைக்கழக ஆசிரியர்கள் போகக்கூடாது என்று அரசாங்கம் தடை விதித்தது. போஷ் அஞ்சவில்லை. கம்பெனி நிர்வாகிகளோடு போய் அமர்ந்தார்.

அதே ஆண்டு அவர் அன்றாட நிர்வாகத்தில் இருந்து விலகி, மேற்பார்வைக் குழுத் தலைவர் ஆனார். அவர் கட்டிய கம்பெனி அவர் கையை மீறிப் போய்க்கொண்டு இருந்தது. 1939-ம் ஆண்டு மே மாதம் மியூனிக் நகர விஞ்ஞானக் கண்காட்சிச் சாலையில் பேசும்போது, விஞ்ஞானத்தில் அரசாங்கம் தலையிடுவதைக் கண்டித்தார். அதனால் ஆட்சியாளர்களின் பகையைத் தேடிக்கொண்டார்.

மன வேதனையும் குடிப் பழக்கமும் அவரை அரித்தன. ஹைடெல்பர்க் நகர வீட்டில் அமைத்திருந்த வான் நோக்குக் கூடத்தில் நட்சத்திரங்களைப் பார்ப்பதிலும், வண்டுகளையும் கற்களையும் அடுக்குவதிலும் ஆறுதல் தேடினார். அந்த நகரத்தில் மிருகக்காட்சி சாலை ஏற்படவும் அவரே காரணம். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய அடுத்த ஆண்டு, 1940-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி, தமது 65-வது வயதில் காலமானார்.

அவர் இறந்த பின் ஐ.ஜி. பார்பன், ஆஷ்விட்ஸ் மரண முகாமின் பக்கத்திலேயே தொழிற்சாலை கட்டி, கைதிகளை அடிமை வேலை வாங்கியது. போருக்குப் பின் அதன் நிர்வாகிகள் கூண்டில் ஏற்றப்பட்டார்கள். கம்பெனியும் பிரிக்கப்பட்டது.

மிட்டாஷ் 1953-ம் ஆண்டு வரை வாழ்ந்தார். அவரும் போஷும் உலையில் போட்ட கலவை மட்டும் அதிகம் மாறவில்லை. இரும்பு, கொஞ்சம் அலுமினிய ஆக்சைடு, கொஞ்சம் பொட்டாஷ், இன்னும் சில ஆக்சைடுகள். உலகம் எங்கும் உள்ள அம்மோனியா ஆலைகளில் பெரும்பாலானவை இன்றும் அந்த வகைக் கிரியா ஊக்கியையே பயன்படுத்துகின்றன. வாயுவைச் சுத்தம் செய்து அனுப்பினால் ஒரு முறை நிரப்பியது பத்து ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் உணவு இந்த முறையில் கிடைக்கும் உரத்தை நம்பி இருக்கிறது என்று கணக்கிடப்பட்டுள்ளது.

இரும்புத் துகள்கள் ஒட்டாமல் காக்கும் வழியைப் போஷின் பட்டறை கண்டுபிடித்தது. அதனால் விளைந்த உரம் வயலுக்கா, வெடி மருந்துக்கா என்று தீர்மானிப்பது அவர் கையில் இருக்கவில்லை. அது ஆட்சியில் இருந்தவர்களின் கைக்குப் போய்விட்டது.